நிலவுக்கு மூன்று வழி: 1962-ல் நீங்கள் எதைத் தேர்ந்திருப்பீர்கள்?

1961 மே 25. இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலவில் இறக்கி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவோம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிவித்தார் கென்னடி. அன்றைக்கு மனிதனை விண்வெளிக்கு அனுப்பியதில் அமெரிக்காவுக்கு இருந்த மொத்த அனுபவம் 15 நிமிடம். இருபது நாளைக்கு முன்புதான் ஆலன் ஷெப்பர்ட் ஒரு சிறு கூண்டுக்குள் மேலே போய், பூமியை ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் கடலில் வந்து விழுந்திருந்தார். ரஷ்யர்களின் யூரி ககாரினோ ஏப்ரல் 12-ம் தேதியே 108 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துத் தரையிறங்கிவிட்டார்.

எப்போதைக்குள் போவது என்று சொல்லியாயிற்று. எப்படிப் போவது என்பது கென்னடிக்குத் தெரியாது, நாசாவுக்கும் தெரியாது. அதை முடிவுசெய்யவே ஓராண்டுக்கு மேல் பிடித்தது. விமானம், ராக்கெட் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த சண்டை இதுதான். 1903-ல் ரைட் சகோதரர்கள் 12 விநாடி பறந்ததிலிருந்து எல்லாக் கதையிலும் நடுவில் ஓர் இயந்திரம் நிற்கும். இந்தச் சண்டை நடந்தபோது இயந்திரமே கிடையாது. காகிதமும் கணக்கும் கோபமும்தான்.

மேசையில் இருந்த வழிகள் மூன்று.

முதலாவது, நேரே போவது. ஒரு ராட்சத ராக்கெட்டில் ஒரே கலம் கிளம்பும், அப்படியே நிலவில் இறங்கும், அங்கிருந்து கிளம்பி வீடு திரும்பும். இதற்காக வரைந்து வைத்திருந்த ராக்கெட்டுக்கு நோவா என்று பெயர். இரண்டாவது, அதே கலத்தை இரண்டு சிறிய ராக்கெட்டுகளில் பிரித்து ஏவி, பூமியைச் சுற்றும்போது இணைத்து, அல்லது ஒன்றிலிருந்து மற்றதற்கு எரிபொருள் மாற்றி, அப்புறம் நிலவுக்குக் கிளம்புவது. மூன்றாவது, நிலவு வரை ஒன்றாகப் போய், அங்கே சுற்றுப்பாதையில் தாய்க்கலத்தை நிறுத்திவிட்டு ஒரு சின்ன இறங்குகலத்தில் மட்டும் கீழே போய்வந்து, மறுபடி தாய்க்கலத்தோடு சேர்ந்துகொள்வது.

வேறு யோசனைகளும் உலவின. திரும்பி வருவதற்கான கலத்தையும் எரிபொருளையும் ஆளில்லாமல் முன்கூட்டியே நிலவில் இறக்கிவைப்போம் என்றது ஒன்று. ஓர் ஆளை மட்டும் இப்போதைக்கு அனுப்பிவிடுவோம், அவருக்குச் சாப்பாடும் காற்றும் அனுப்பிக்கொண்டே இருப்போம், கூட்டிவரும் வழியைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றது இன்னொன்று. விளையாட்டில்லை, 1962-ல் நிஜமாகவே முன்வைக்கப்பட்ட திட்டம். இவற்றை விட்டுவிடுவோம்.

சுமைகூலிக் கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். ராக்கெட்டில் கால், முக்கால் எல்லாம் கனவு. அப்போலோ 11 கிளம்பியபோது ராக்கெட்டும் எரிபொருளுமாகச் சேர்த்து சுமார் 2,900 டன். அதில் நிலவை நோக்கிப் போனது ஏறத்தாழ 44 டன். பசிபிக் கடலில் வந்து விழுந்த கூண்டு சுமார் 5 டன். மிச்சமெல்லாம் சுமைகூலி.

எனவே எந்தப் பொருளை எவ்வளவு தூரம் சுமக்கிறோம் என்பதுதான் கேள்வி. பூமிக்குத் திரும்பும் கூண்டுக்கு வெப்பக் கவசம் வேண்டும், ஏனென்றால் அது நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் பாயும். பாராசூட் வேண்டும். நிலவை விட்டு வீட்டுக்குக் கிளம்ப எரிபொருள் வேண்டும். முதல் இரண்டு வழிகளிலும் இவை அத்தனையும் நிலவின் தரை வரை இறங்குகின்றன, மறுபடி மேலேறுகின்றன. நிலவில் காற்றே இல்லை. கவசத்துக்கும் பாராசூட்டுக்கும் அங்கே என்ன வேலை? ஆனாலும் அவற்றை இறக்க எரிபொருள், ஏற்ற எரிபொருள், ஏற்றப்போகும் எரிபொருளை இறக்க இன்னும் எரிபொருள் என்று கணக்கு வட்டிக்கு வட்டியாக ஏறும்.

மூன்றாவது வழி இதைத்தான் வெட்டியது. அப்போலோ 11-ல் 16 டன்னுக்கு மேல் எடையுள்ள தாய்க்கலம் நிலவுக்கு 110 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. கீழே இறங்கியது 15 டன் கலம். அதிலும் பாதியை, கால்களோடும் இறங்கு எஞ்சினோடும் நிலவிலேயே போட்டுவிட்டு, மேலேறி வந்தது 5 டன்னுக்கும் குறைவு. துறைமுகம் இல்லாத கரைக்குக் கப்பலில் போகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. கப்பலை ஆழத்தில் நிறுத்திவிட்டுத் தோணியில் போய்வருவார்கள். 1920-களிலேயே யூரி கொந்த்ராத்யூக் இதை எழுதி, 1929-ல் புத்தகமாகவும் போட்டுவிட்டார். அதிகம் பேர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

நோவா: பேசவே வேண்டியதில்லை

நேரே போகும் வழியின் ஒரே அழகு, எங்கும் எதையும் இணைக்க வேண்டியதில்லை என்பது. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, அதனாலேயே 1961-ல் பலருக்கும் அது இயல்பான வழியாகப் பட்டது. ஆனால் நோவாவின் முதல் கட்டத்தில் 8 எஃப்-1 எஞ்சின்கள் வேண்டும். பிற்பாடு அப்போலோவை ஏற்றிப்போன சாட்டர்ன் 5 ராக்கெட்டில் இருந்ததே ஐந்துதான், ஒவ்வொன்றும் 680 டன் உந்துவிசை. அந்த எஃப்-1 அப்போது அடங்காத பிள்ளை. எரியும் அறைக்குள் தீ சீராக எரியாமல் அலைபாய்ந்து, எஞ்சினையே சிதறடித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் வேண்டுமென்றே சிறு வெடிகளை வெடிக்கவைத்து, தீ தானாக அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அதைச் சரிசெய்தார்கள். ஐந்தை அடக்கவே இந்தப் பாடு என்றால், எட்டை வைத்துக்கொண்டு பத்தாண்டுக்குள் கிளம்புவது நடக்கிற காரியமில்லை. என் பட்டியலில் இது முதலிலேயே அடிபடுகிறது.

பூமிப் பாதையில் இணைப்பது

இது அப்படியில்லை. இதன் பின்னால் நின்றவர் வெர்னர் ஃபான் பிரௌன், ஹன்ட்ஸ்வில்லில் இருந்த மார்ஷல் மையத்தின் தலைவர், சாட்டர்ன் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர். அவர் தரப்பின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு ராக்கெட்டில், எரிபொருளை எரிக்கத் தேவையான திரவ ஆக்சிஜன் நிரம்பிய தொட்டி போகும், இன்னொன்றில் கலம் போகும். மேலே சேர்த்து நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். இணைப்பு கெட்டுப்போனால் வீடு பக்கத்திலேயே இருக்கிறது; எஞ்சினைப் போகும் திசைக்கு எதிராகத் திருப்பிப் பற்றவைத்தால் சீக்கிரமே கடலில் இறங்கிவிடலாம். இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விண்வெளியில் எரிபொருள் நிரப்பக் கற்றுக்கொண்டால் அந்த வித்தை நிலவோடு முடியாது. விண்வெளி நிலையம், செவ்வாய் என்று எதற்கும் கைகொடுக்கும்.

தொல்லைகளும் தெரிந்தவைதான். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் சரக்கு, காத்திருக்கக் காத்திருக்க ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு ராட்சத ராக்கெட்டுகளை அடுத்தடுத்துப் பிசகாமல் ஏவ வேண்டும். ஒன்று தள்ளிப்போனால் மற்றது வீண்.

ஆனால் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது, அதைக் கவனிக்க எல்லோருக்கும் நாளாயிற்று. இந்த வழி, கிளம்புவதில் உள்ள சிக்கலை மட்டுமே தீர்க்கிறது. இறங்குவதில் உள்ள சிக்கல் நோவா வழியில் எப்படியோ அப்படியே இருக்கிறது. நிலவில் இறங்கப்போவது ஆறு மாடி உயரக் கலம். அதன் உச்சியில் மூன்று பேர் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, வால்பக்கமாக அதைக் கீழே இறக்க வேண்டும். தரை எங்கே? குழி எங்கே? கண்ணாடி வைக்கலாமா, தொலைக்காட்சி கேமரா வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தார்கள். அந்த யோசனைகளைப் படிக்கும்போது, அவற்றை எழுதியவர்களுக்கே நம்பிக்கை இருந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

1969 ஜூலை 20-ல் என்ன நடந்தது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஆர்ம்ஸ்ட்ராங்கை நேராகப் பாறைகள் சிதறிக் கிடந்த ஒரு பள்ளத்தை நோக்கிக் கொண்டுபோனது. அவர் நின்றுகொண்டிருந்தார். ஆமாம், அந்தக் கலத்தில் இருக்கையே கிடையாது. முகத்துக்கு நேராக ஒரு முக்கோணச் சன்னல், கீழே பார்க்கச் சாய்ந்தது. பாறைகளைப் பார்த்தார், கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தார், பள்ளத்தைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார். இறங்கு எரிபொருள் அப்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. இதை ஆறு மாடி உயரத்தில் மல்லாந்து படுத்தபடி செய்திருக்க முடியுமா?

ஹூபோல்ட்டின் பொய்க் கணக்கு

மூன்றாவது வழிக்காகச் சண்டை போட்டவர் ஜான் ஹூபோல்ட், லாங்லி மையத்தின் பொறியாளர். இந்த யோசனை அவர் ஒருவருக்கு மட்டும் உதித்ததல்ல. அதே மையத்தில் வேறு சிலரும் எழுதியிருந்தார்கள். ஆனால் விடாமல் கத்தியவர் அவர்தான். 1960 டிசம்பரில் ஒரு கூட்டத்தில் அவர் விளக்கி முடித்ததும், ஷெப்பர்ட் போன மெர்குரி கூண்டை வடிவமைத்த மேக்ஸ் ஃபஜே எழுந்து, இவருடைய எண்கள் பொய் சொல்கின்றன, தான் பேசுவது இவருக்கே தெரியவில்லை என்று எல்லோர் முன்னிலும் சத்தம் போட்டார். 1961 நவம்பரில் ஹூபோல்ட் நடுவில் இருந்த அதிகாரிகள் எல்லோரையும் தாண்டி, நாசாவின் உயர்மட்டத்தில் இருந்த ராபர்ட் சீமன்ஸுக்கு நேரடியாக ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். வனாந்தரத்தில் கூப்பிடுகிறவனின் சத்தம்போல எழுதுகிறேன் என்று தொடங்கி, நாம் நிலவுக்குப் போகவேண்டுமா, வேண்டாமா என்று கேட்டது அந்தக் கடிதம். அரசு வேலையில் இருப்பவர் இப்படி எழுதுவது தன் வேலையைத் தானே பணயம் வைப்பது.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஃபஜேயை வில்லனாக்கிவிடுவது வழக்கம். அது நியாயமில்லை. எண்கள் நிஜமாகவே பொய்தான் சொல்லின. லாங்லி தரப்பு வரைந்த மாதிரிகளில் ஒன்றில், ஓர் ஆள் திறந்த வண்டியில் நின்றபடி இறங்குவார். எடை இரண்டு டன்னுக்கும் குறைவு. கடைசியில் கட்டி முடித்தபோது 15 டன். அந்த 15-க்குள் அடக்கவே கிரம்மன் நிறுவனத்துப் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இருக்கைகளை எடுத்தது எடைக்காக. இருக்கை போனதால் ஆள் சன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார், அதனால் பெரிய சன்னலும் போயிற்று. ஐந்து கால் நான்கானது. அறையின் சுவர் சில இடங்களில் வெறும் 0.3 மில்லிமீட்டர் அலுமினியம். உள்ளே ஸ்க்ரூடிரைவர் கை தவறி விழுந்தால் ஓட்டை விழுந்துவிடும் என்பார்கள்.

கணக்கு தப்பு, ஆனால் விடை சரி. ஒரு சாட்டர்ன் 5 போதும் என்ற முடிவு, எடை பலமடங்கு ஏறியபிறகும் தாக்குப்பிடித்தது. மற்ற இரண்டு வழிகளிலும் எடை அதே விகிதத்தில் ஏறியிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பயம் எங்கே இருந்தது

எதிர்ப்பு எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்தது. இரண்டு கலங்கள் விண்வெளியில் சந்தித்து இணைவதை 1962-ல் யாரும் செய்ததில்லை. செய்யாத ஒன்றை, 3,84,000 கிலோமீட்டர் தள்ளி, காப்பாற்ற ஆள் இல்லாத இடத்திலா முதலில் நம்பிப் போவது? மேலேறும் எஞ்சின் வேறு ஒன்றே ஒன்று. பற்றவில்லை என்றால் இரண்டு பேரும் அங்கேயேதான்.

அந்தப் பயம் மூடத்தனம் அல்ல என்பதற்கு, அப்போலோவுக்கு ஒத்திகையாக நாசா அனுப்பிய ஜெமினி கலங்களில் ஒன்றான ஜெமினி 4 சாட்சி. 1965 ஜூனில் ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னை ஏற்றிவந்த ராக்கெட்டின் காலியான மேல்கட்டத்தை நெருங்கிப் பறக்கப் பார்த்தார். கண்ணுக்கு முன்னால்தான் மிதந்துகொண்டிருந்தது. மூக்கை அதை நோக்கித் திருப்பி உந்தினார். தரையில் வண்டி ஓட்டுகிற எவரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் பாதை மேலே போகும், மேல்பாதையில் ஒரு சுற்று முடிக்க அதிக நேரம் ஆகும், ஆக நீங்கள் பின்தங்கிவிடுவீர்கள். முன்னால் போவதைப் பிடிக்க, முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சியைக் கைவிட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 15-ல் ஜெமினி 6-ஏ, ஜெமினி 7-ஐ 30 சென்டிமீட்டர் வரை நெருங்கிவிட்டது. 1966 மார்ச்சில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் ஜெமினி 8-ல் முதல் இணைப்பைச் செய்தார்கள். செய்த கொஞ்ச நேரத்தில் ஓர் உந்தி சிக்கிக்கொண்டு, கலம் நொடிக்கு ஒரு சுற்று என்று சுழல ஆரம்பித்தது. உயிர் தப்பியதே பெரிது. ஆனால் கோளாறு உந்தியில், இணைப்பு முறையில் இல்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சந்திப்பும் இணைப்பும் ஆபத்து என்றால், அது இரண்டாவது வழிக்கும் ஆபத்துதான். இடம்தான் வேறு. அதோடு, நிலவுக்கு அருகே இணைப்பது பயங்கரமாகத் தெரிந்ததால், ஆறு மாடிக் கலத்தை இறக்குவதில் இருந்த பயங்கரம் யார் கண்ணிலும் உறைக்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த ஹூஸ்டனில் இருந்த நாசா மையத்தின் பொறியாளர்கள்தான் முதலில் மனம் மாறினார்கள். கலத்தை ஓட்டப்போகும் ஆட்கள் அவர்களிடம் இருந்தார்களே.

1962 ஜூன் 7 அன்று மார்ஷல் மையத்தில் நாள் முழுக்கக் கூட்டம். ஃபான் பிரௌனின் ஆட்கள் பூமிப் பாதை வழிக்காக மணிக்கணக்கில் வாதாடினார்கள். கடைசியில் அவர் எழுந்து, பத்தாண்டுக்குள் முடிக்க அதிக நம்பிக்கை தருவது நிலவுப் பாதை வழிதான் என்று சொல்லிவிட்டார். சொந்த ஆட்களே திகைத்துப் போனார்கள். அவர் சொன்னதில் ஒரு நடைமுறைக் காரணம் எனக்குப் பிடிக்கும்: இறங்குகலம் தனி, தாய்க்கலம் தனி என்றால் ஆளுக்கொரு பக்கமாக வேலையைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வடிவமைக்கலாம். ஜூலை 11-ல் நாசா முடிவை அறிவித்தது. அப்புறமும் கென்னடியின் அறிவியல் ஆலோசகர் ஜெரோம் வைஸ்னர் ஒப்புக்கொள்ளவில்லை. செப்டம்பர் 11-ல் ஹன்ட்ஸ்வில்லில் கென்னடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, பத்திரிகையாளர்கள் பார்க்க, வைஸ்னரும் ஃபான் பிரௌனும் மல்லுக்கு நின்றார்கள்.

சரி, எது?

நோவா எந்தக் கணக்கிலும் தேறாது. மற்ற இரண்டில் எது என்பது கேள்வியைப் பொறுத்தது. 1969 முடிவதற்குள் ஒரு முறையாவது இறங்க வேண்டும் என்றால் நிலவுப் பாதை வழி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. எதிரணியும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. சோவியத் ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளர் கொரோலியோவ் முதலில் பூமிப் பாதையில் சேர்ப்பதையே யோசித்தார், 1964-ல் சோவியத் திட்டம் ஒரே என்-1 ராக்கெட், நிலவுப் பாதையில் சந்திப்பு என்று மாறியது. இறங்குவது ஒருவர் மட்டும். அந்த ராக்கெட் 1969 முதல் 1972 வரை நான்கு முறை கிளம்பி நான்கு முறையும் தோற்றது வேறு கதை.

முடிவெடுத்தபோது யாரும் பெரிதாகக் கணக்கில் சேர்க்காத ஒரு லாபமும் வந்தது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13-ன் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தாய்க்கலம் செத்துப்போனபோது, பக்கத்தில் தனிக் காற்றும் தனி மின்சாரமும் தனி எஞ்சினும் உள்ள இன்னொரு கலம் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதற்குள் போய் உயிர் பிழைத்தார்கள். ஒரே கலமாகப் போயிருந்தால்?

ஆனால் தேதி எதுவும் இல்லை, தொடர்ந்து போய்வர வேண்டும் என்று கேட்டிருந்தால் நான் வைஸ்னர் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன். நிலவுப் பாதை வழி, போகிற வழியெல்லாம் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டே போனது. ஒவ்வொரு பயணத்துக்கும் எல்லாம் புதிதாக வேண்டும். வந்தபிறகு கையில் மிஞ்சியது ஒரு கூண்டும் கொஞ்சம் கல்லும். விண்வெளியில் எரிபொருள் நிரப்பும் வித்தை அப்போது வளரவே இல்லை. 1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பியதோடு கடை மூடப்பட்டது.

ஃபான் பிரௌனின் ஆக்சிஜன் தொட்டி இப்போது வேறு உருவில் திரும்ப வந்திருக்கிறது. 2021-ல் நாசா இறங்குகலமாகத் தேர்ந்த, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப், பூமிப் பாதையில் பல முறை எரிபொருள் நிரப்பிக்கொண்டால்தான் நிலவுக்குப் போக முடியும். ஆறு மாடி என்று பயந்தார்களே, இது ஐம்பது மீட்டர் உயரம். ஆட்கள் தரைக்கு லிஃப்டில் இறங்க வேண்டும். சீனாவோ 2030-க்குள் என்று தேதி குறித்துக்கொண்டு களத்தில் இருக்கிறது. அது தேர்ந்திருப்பது ஹூபோல்ட்டின் வழி: இரண்டு ராக்கெட்டுகளில் தனித்தனியே ஏவி, நிலவுப் பாதையில் சேர்த்து, சின்னக் கலத்தை மட்டும் கீழே இறக்குவது.